அரைப்பரீட்சை லீவும் ஐந்து பேர் ஸ்பெஷல் கிளாசும்

அரைப்பரீட்சை லீவு எத்தனை நாள் விட வேண்டும் என்று எங்கள் ஊர் டீக்கடையில் வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். ஐந்து நாள் போதும் என்பார் ஒருவர். பொங்கல் வரைக்கும் சேர்த்தே விட்டால் என்ன என்பார் இன்னொருவர். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள்தான் அதிகம் கத்துவார்கள். அவர்களிலும் அதிகம் கத்துவது நான். ஓட்டுப் போடப் போனதைத் தவிர நான் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. லீவைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பிறந்ததில் இருந்து எனக்குப் பள்ளிக்கூடம் லீவுதான். என்னைவிட நீளமாக லீவு எடுத்தவன் விருதுநகர் மாவட்டத்திலேயே கிடையாது.

நான் சொல்லப் போவது செல்போன் தெருவுக்கு ஒன்று இருந்த காலத்துக் கதை. விஸ்வநத்தத்தில் குடியிருந்தோம். எனக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை. தினசரி காலண்டரின் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கட்டுவது என் பிரிவு. எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. சிவப்பில் அச்சடித்திருந்தால் லீவு, கறுப்பில் இருந்தால் வேலை, அவ்வளவுதான் படிப்பு. நாட்டுக்கே லீவை அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன். எனக்கு ஆடியில் சீசன் தொடங்கினால் பொங்கல் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

என் மனைவிக்கு நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. தீபாவளி முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். ஒரு மாதம் வீட்டில் இருப்பாள். அந்த ஒரு மாதமும் மகளுக்குப் பள்ளிக்கூடம். மகளுக்கு லீவு விடும்போது இவளுடைய கம்பெனி பூஜை போட்டுத் திறந்திருக்கும். எனக்கு லீவு கிடைக்கும் மாசியில் ரெண்டு பேருமே வீட்டில் இருக்க மாட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து கூரையில் ஓடும் பல்லிக்கு வணக்கம் சொல்லிக் கொண்டிருப்பேன். பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் இருப்போம். ஆனால் வெள்ளையடித்து, விருந்தாளிக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி முடித்தால் அதை லீவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்குக் கீழே ரெண்டு வயதில் ஒரு பையன். நாங்கள் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு மதினிதான் அவனைப் பார்த்துக் கொள்வார். மதினிக்குக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் நிறைமாதமாக இருந்தாள். அரைப்பரீட்சை லீவு விட்டதும் பையனை என் மகள் பார்த்துக் கொள்வாள், மதினி கோவில்பட்டிக்குப் போய் மகளோடு இருந்துவிட்டு வரலாம். இதுதான் ஏற்பாடு.

பரீட்சை முடிந்த அன்று மகள் ஒரு தாளோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. நான் வழக்கம்போல வாங்கி, புருவத்தைச் சுருக்கி, மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம், சரிதான். அம்மாவுக்குக் கேக்குற மாதிரி வாசி" என்றேன். என் மனைவி ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். அவளுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் அவள் என்னைப் போல நடிக்க மாட்டாள்.

மகள் வாசித்தாள். "லீவு பத்து நாள். ஆனா கணக்குல வீக்கா இருக்குற பிள்ளைகளுக்கு மூணு நாள் மட்டுந்தான் லீவு. பெறகு ஸ்பெஷல் கிளாஸ். கண்டிப்பா வரணும். சத்துணவு கிடையாது, சாப்பாடு கொண்டாரணும்."

"நீ கணக்குல வீக்கா?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"ஆமாம்மா. ரொம்ப."

எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. என் ரத்தம்தானே, வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன். விசாரித்ததில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பெண் பிள்ளைகள் கணக்கில் வீக். ஐந்து வீட்டுப் பெற்றோரும் எங்களைப் போன்ற பெரிய படிப்பாளிகள். பையன்கள் ஒருவர்கூட வீக் இல்லை. "பொம்பளப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாதுலே" என்று டீக்கடையில் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மூன்று நாள் மகள் தம்பியைப் பார்த்துக் கொண்டாள். நாலாம் நாள் பையைத் தூக்கிக் கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று நாளுக்குக் கோவில்பட்டி போய்விட்டு அரைமனதோடு திரும்பிய மதினி பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் கொழுந்தனாரே, ஒம்ம மகளுக்கு ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு நீராவது சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா? எம் மக அங்கன வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா."

"நான் சொல்லிக் குடுத்தா மூணும்பேனே மதினி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு மறுநாள் மகள் தூக்குவாளியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கம்பெனி வேனில் ஏறும்போதுதான் என் மனைவி அதைக் கவனித்தாள். "போற வழியில குடுத்துட்டுப் போங்க" என்றாள். சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்து வாசலில் பூட்டுத் தொங்கியது. எழுத்து தெரியாதவனுக்கும் பூட்டு தெரியும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக் கொண்டு நின்றேன். ஸ்பெஷல் கிளாஸ் என்றால் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நடத்துவார்களோ என்றுகூட யோசித்தேன். என் மூளை அப்படிப்பட்டது.

பின்பக்கம் சுற்றுச்சுவர் இடிந்திருக்கும். அங்கே ஒரு புளியமரம். எட்டிப் பார்த்தேன். ரெண்டு பிள்ளைகள் சொட்டாங்கல் ஆடிக் கொண்டிருந்தார்கள். ஒருத்தி மல்லாக்கப் படுத்து மரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள். இன்னொருத்தி புளியம்பழ ஓட்டை ஒவ்வொன்றாக உரித்து வரிசை வைத்துக் கொண்டிருந்தாள். என் மகள் பையில் தலையை வைத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். காலை ஒன்பதரை மணிக்கு. தம்பி பிறந்த பிறகு பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஏ, ஒங்கப்பா" என்று ஒருத்தி அவளை உலுக்கினாள்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் பை ஜிப்பின் தடம் இருந்தது. "டீச்சர் இப்பத்தாம்ப்பா அங்கிட்டுப் போனாக" என்றாள்.

"பள்ளிக்கூடத்தையே பூட்டிட்டா போனாக?"

மல்லாக்கப் படுத்திருந்தவள்தான் படுத்தபடியே பதில் சொன்னாள். "மாமா, லீவுன்னு சொன்னா எங்கம்மா வெடிக்குக் காகிதக் குழாய் சுத்த உக்கார வச்சிரும். பெரிய லீவுல விரல்ல பசை காயவே இல்ல."

"ஒனக்கென்ன புள்ள?" என்று மகளைக் கேட்டேன்.

"வீட்ல இருந்தா தம்பியத் தூக்கணும், தண்ணி பிடிக்கணும், ஒல வைக்கணும். பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னாத்தாம்ப்பா விடுறீக." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னும் அஞ்சு நாள்தான். அம்மாட்ட சொல்லிராத" என்றாள்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தத் தாளைத் தலையாட்டித் தலையாட்டிப் பார்த்த என் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அடிக்கலாமா என்று கை அரித்தது. தூக்குவாளியை வைத்துவிட்டு, "கணக்கு நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல இப்போது எழுதுகிறவளும் அவள்தான். இதில் எதை மாற்றி எழுதியிருக்கிறாளோ, அதைக் கண்டுபிடிக்கிற அறிவு எனக்கு இன்றைக்கும் கிடையாது.

அன்று சாயந்திரமே சிக்கல் வந்தது. மதினியின் மருமகன் பூத்தில் இருந்து தெருக்கோடி கடைக்குப் போன் பண்ணியிருந்தார். வலி எப்போது வேண்டுமானாலும் எடுக்கும், உடனே வரச் சொல்லுங்கள் என்று. மதினி காலை பஸ்ஸுக்குப் போகிறேன் என்று துணியை எடுத்து வைத்துவிட்டார்.

என் மனைவி என்னிடம் வந்தாள். "ரெண்டு நாளைக்கு இவளக் கிளாஸுக்கு அனுப்ப வேணாம். நீங்க போயி டீச்சர்ட்ட சொல்லிட்டு வாங்க."

மகள் அடுப்படியில் நின்று என் வாயையே பார்த்தாள். இல்லாத டீச்சரிடம் இல்லாத கிளாஸுக்கு லீவு கேட்க சைக்கிளை எடுத்தேன். கண்மாய்க் கரை வரை போய், ஒரு பீடி குடித்துவிட்டு, திரும்பி வந்தேன்.

"விட மாட்டேன்னுட்டாக. ரொம்பக் கண்டிசனான டீச்சர்."

"எந்த டீச்சர்?"

"கண்ணாடி போட்டவுக" என்றேன். பொய்யிலும் எனக்கு அதற்கு மேல் வராது.

"அப்ப நீங்க லீவு போடுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

போர்மேன் வீடு பக்கத்துத் தெரு. போய் நின்றேன். "அண்ணாச்சி, ரெண்டு நாள் லீவு வேணும்."

"எதுக்குலே?"

"மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ்."

"அவளுக்குக் கிளாஸ்னா ஒனக்கு எதுக்குலே லீவு? நீயும் பக்கத்துல உக்காந்து படிக்கப் போறியா?"

"சின்னவனப் பாத்துக்க ஆளில்ல அண்ணாச்சி."

"அவள வீட்ல இருந்து பாக்கச் சொல்லு. ரெண்டு நாள் போகலேன்னா கலெக்டர் வேலை கைவிட்டுப் போயிருமோ? ஏலே, ஜனவரி பொறந்த பெறகு காலண்டர அனுப்பினா அது காலண்டர் இல்ல, பொட்டலம் மடிக்கிற பேப்பர். நாளைக்கு ஒரு நாள் தாரேன். மறுநா லோடு ஏத்தணும். அன்னைக்கு வரலேன்னா பெறகு வரவே வேணாம்."

மறுநாள் மதினி பஸ் ஏறினார். மனைவி வேன் ஏறினாள். மகள் பையோடு புளியமரத்துக்குப் போனாள். நான் பையனோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு காலண்டர் கட்டுகிற கைக்கு ஒரு டவுசரைக் கட்டத் தெரியவில்லை. சோற்றை ஊட்டினால் என் முகத்தில் துப்பினான். துப்பிவிட்டு அக்கா எங்கே என்று கேட்டான். தூங்க வைக்கத் தாலாட்டுப் பாடினேன். பாட்டைக் கேட்டுப் பக்கத்துத் தெருக் குழந்தைகூட அழுதது. பொழுது இறங்குவதற்குள் என் லுங்கி மூன்று தடவை ஈரமானது.

மனைவி வந்து பார்த்தாள். வீடு இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"ஆம்பள நீங்க வேலைய விட்டுட்டு உக்காந்திருக்கீக. அவ அங்கன போயி உக்காந்திருக்கா. அப்படி என்னத்தப் படிச்சுக் கிழிக்கப் போறா? எனக்கு ஒரு நாளாவது இப்படி உக்கார விட்டீகளா?"

அவளுக்கும் ஒரு புளியமரம் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். எதைப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியாது. கோவில்பட்டியில் இருந்து சேதி ஒன்றும் வரவில்லை. மதினியும் வரவில்லை.

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. "நீங்க பாப்பீகளோ, தூக்கிக்கிட்டுப் பிரஸ்ஸுக்குப் போவீகளோ, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மனைவி ஓடினாள். நான் பிரஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, அழுகிற பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மகள் பையை மாட்டிக்கொண்டு தூக்குவாளியோடு வெளியே வந்தாள். செருப்பைப் போட்டாள். தெருமுனையில் மற்ற நாலு பேரும் காத்துக் கொண்டிருந்தார்கள்.

"போ தாயி" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் அந்த வார்த்தையை உருட்டிக் கொண்டே நின்றேன். மணி எட்டரை தாண்டியது. ஊரில் எல்லோருக்கும் ஜோக் அடிக்கிற வாய்க்கு அந்த ரெண்டு வார்த்தை வரவில்லை. வராமலே நின்றேன் என்பதுதான் உண்மை.

அவள் என் சட்டையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தெருமுனையைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இன்னைக்குக் கிளாஸ் இல்லப்பா."

"யாரு சொன்னா?"

"டீச்சர்."

"கண்ணாடி போட்டவுகளா?"

அவள் சிரிக்கவில்லை. பையனை என் தோளில் இருந்து உருவி இடுப்பில் வைத்துக் கொண்டாள். அவன் உடனே அழுகையை நிறுத்தினான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சைக்கிளை எடுத்தேன்.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம்தான் எனக்கு வழி. இடிந்த சுவரைத் தாண்டும்போது ஒருத்தி ஓடி வந்தாள்.

"மாமா, அவ ஏன் வரல?"

"அவளுக்கு இன்னைக்கு லீவு" என்றேன்.

"அய்யோ பாவம்" என்றாள் அந்தப் பிள்ளை.