பூனை சிஸ்டரின் மணி

அந்த வார்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பூனை சிஸ்டர் என்றால்தான் தெரியும். நடந்தால் காலடி கேட்காது, பேசினால் அடுத்த கட்டிலுக்குக் கேட்காது. இருபத்திரண்டு வருடம் நோயாளிகளின் தூக்கத்தைக் கலைக்காமல் வேலை பார்த்துப் பார்த்து, வீட்டில்கூட அவளுக்குக் கோபம் கிசுகிசுப்பாகத்தான் வரும். "உங்கம்மா இப்ப என்னைத் திட்டினாளா, சாப்பிடக் கூப்பிட்டாளா?" என்று புருஷன் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அந்த இருபத்திரண்டு வருடமும் அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, டிரிப்ஸ் பாட்டில். அது காலியானதைக் கவனிக்காமல் விட்டால் ரத்தம் குழாயில் ஏறி ஊசி அடைத்துக்கொள்ளும். மறுபடி குத்த வேண்டும். முப்பது கட்டிலுக்கு இரண்டே சிஸ்டர் என்றால் யார் பார்த்துக்கொண்டிருப்பது? நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள்தான். அம்மாவோ, பெண்டாட்டியோ, அண்ணனோ, ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு நாளில் யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்றே தெரியாது. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கும்.

புருஷன் தராசு மெக்கானிக். கடைகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பிரித்துப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"பாட்டில் காலியாக ஆக எடை குறையும்ல? அது உங்க தராசுக்குத் தெரியாதா?"

அவர் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அடுத்த மாதமே ஒரு கொக்கி தயாராகிவிட்டது. ஸ்டாண்டில் கொக்கி, கொக்கியில் பாட்டில். எடை ஓர் அளவுக்குக் கீழே போனால் மணி அடிக்கும். மணிக்குச் சத்தம் வைத்தவள் அவள்தான். ஸ்பூன் டம்ளரில் லேசாகப் பட்டது போல ஒரு சத்தம், அதற்கு மேல் கிடையாது. வீட்டில் தண்ணீர் பாட்டிலை மாட்டி நூறு தடவை பார்த்தார்கள். நூறு தடவையும் அடித்தது.

ஐந்நூறு கொக்கிக்குக் குறைந்து அச்சு போட்டுத் தர எந்தப் பட்டறையும் தயாராயில்லை. அதற்கான பணம் அவர்களிடம் இல்லை. பணம் தேடி அலைவதற்காகச் சம்பளம் இல்லாத லீவு கேட்டாள். "மூணு மாசம். அதுக்கு மேல உன் இடத்தை வச்சிருக்க மாட்டாங்க" என்றார் தலைமை சிஸ்டர். மூன்று மாதத்துக்குள் பணம் புரளாவிட்டால் அவள் வார்டுக்கு, கொக்கி பரணுக்கு.

மகள் எங்கெங்கோ விசாரித்து, புதுக் கம்பெனிகளுக்கு முதல் போடும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தாள். வென்ச்சர் கேபிடல் என்பார்கள். கடனில்லை, வட்டியில்லை. பணத்தைப் போட்டுக் கம்பெனியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். பத்துக் கம்பெனியில் ஒன்பது மூழ்கினாலும் மிச்சமிருக்கும் ஒன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வளர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசையில் தப்பில்லை. அந்த ஒன்றாக இருப்பதுதான் பெரும்பாடு.

கண்ணாடி அறை. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே காபி மெஷின் தன் பங்குக்கு இரைந்தது. மேஜையின் இந்தப் பக்கம் அவளும் புருஷனும், மறுபக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த முதலீட்டுக்காரர்தான் கேள்வி கேட்டார்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா, கேக்கல."

மூன்று தடவை இதையே சொன்னார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கிசுகிசுத்தாள். கோட்டு மாட்டும் கம்பத்தில் கொக்கியை மாட்டி, அதில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டாள். தண்ணீர் கீழே வைத்திருந்த வாளியில் இறங்கியது. பாட்டில் காலியானது. எல்லோரும் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மணி அடிக்கலையே?" என்றார் அவர்.

"அடிச்சுது சார்."

"எப்போ?"

"இப்பத்தான். ரெண்டு தடவை."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. "ஐடியா நல்லாருக்கு. சத்தத்தைப் பத்து மடங்கு கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பஸ்ஸில் புருஷன் ஆரம்பித்தார். "ஒரே ஒரு திருகு. திருகினா ஊருக்கே கேக்கும்."

"ஊருக்குக் கேக்கவா செஞ்சோம்? பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்க தூங்க வேணாமா?"

"நமக்குப் பணம் வேணாமா?"



அடுத்த வழியையும் மகள்தான் கண்டுபிடித்தாள். இன்னும் செய்யாத பொருளை இணையத்தில் காட்டி, வேண்டும் என்கிறவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்குவது. கிரவுட் ஃபண்டிங். பெரிய கை ஒன்றுக்குப் பதிலாகச் சின்னக் கைகள் பல. ஆனால் விதி கறாரானது. நாற்பது நாளில் ஐந்நூறு ஆர்டர் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லார் பணமும் அவரவருக்கே திரும்பிவிடும். அந்த நாற்பதாவது நாளும் அவளுடைய லீவு முடியும் நாளும் ஒன்றாக அமைந்தது.

சமையலறையில் வைத்து வீடியோ எடுத்தார்கள். அவள் பேசினாள், மணி அடித்தது. மகள் பார்த்துவிட்டு, "சூப்பர்மா!" என்று இணையத்தில் ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'சத்தமே வரலை.' 'மணி எங்க அடிச்சுது?' 'என் போன் ரிப்பேர்னு நெனச்சுட்டேன்.' மகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்த வீட்டில் வளர்ந்த காது அது. அதற்கு எல்லாமே தெளிவாகக் கேட்டிருந்தது.

இருபது நாளில் அறுபத்து மூன்று ஆர்டர். அதில் பதினொன்று தராசுக் கடைக்காரர்கள் கொடுத்தது. அவர்களுக்கு இது என்ன பொருள் என்றே தெரியாது. மெக்கானிக்கின் முகத்துக்காகப் போட்டார்கள். அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். அதுவும் சத்தமில்லாமல்தான்.

மறுநாள் காலை புருஷன் ஸ்க்ரூ டிரைவரோடு கொக்கியின் முன் உட்கார்ந்திருந்தார். "நீ சரின்னா திருகறேன். இல்லைன்னா விடு."

 அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவர் சட்டைப் பையில் செருகினாள். "மணி சரியாத்தான் இருக்கு. நாம அடிச்சுக் காட்டின இடம்தான் தப்பு."

மாதிரிக்குச் செய்த கொக்கிகள் ஆறு இருந்தன. அவளோடு நர்ஸிங் படித்த ஆறு பேர் ஆறு மருத்துவமனைகளில் இருந்தார்கள். ஆளுக்கு ஒன்றாக அனுப்பினாள், கூடவே ஒரு சீட்டு: 'உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு வாரம் வார்டுல மாட்டிப் பாருங்க. பணம் வேணாம். பிடிக்கலைன்னா அதையும் எழுதுங்க.'

அனுப்பிய எட்டாவது நாள் இணையத்தில் அவர்கள் பக்கத்தில் முதல் பதில் வந்தது. 'முப்பத்தாறு கட்டில். முதல் மணியிலயே நான் திரும்பிட்டேன். கட்டில்ல ஒருத்தரும் முழிக்கலை. எங்க வார்டுக்கு நாலு வேணும்.' அடுத்தடுத்து மற்றவர்கள். அந்தச் சிஸ்டர்களுக்குத் தெரிந்த சிஸ்டர்கள். அப்புறம் நோயாளிகளின் வீட்டு மனிதர்கள். 'அப்பா பக்கத்துல பதினெட்டு நாள் பாட்டிலையே பாத்துட்டிருந்தேன். எனக்குப் பொருள் வேணாம், அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு குடுத்துருங்க' என்று ஒருவர் பணம் கட்டியிருந்தார்.

முப்பத்தெட்டாவது நாள் ஐந்நூறு தாண்டியது. பூனை சிஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக வீடு அதிரக் கத்தினாள். என்ன ஆச்சோ ஏதாச்சோ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். மறுநாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். 

பட்டறையிலிருந்து வந்த முதல் பன்னிரண்டு கொக்கிகளும் அவளுடைய பழைய வார்டுக்கே போயின. அந்த வாரம் முதலீட்டுக்காரர் போன் செய்தார். அடுத்த ஐயாயிரம் கொக்கிக்கு அவர்கள் முதல் போடத் தயாராம். முதல் நிபந்தனை மட்டும் பழையதுதானாம், சத்தத்தைக் கூட்ட வேண்டும். ஆபீசுக்கு வர முடியுமா?

"நீங்க எங்க பழைய வார்டுக்கு வாங்க சார்" என்றாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு."

வந்தார். காகிதக் கட்டோடு ஒரு காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொக்கியில் பாட்டில் முடியப் போகிற நிலையில் தொங்கியது. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி.

மணி அடித்தது. இந்தத் தடவை முதலீட்டுக்காரருக்கும் கேட்டது, நிமிர்ந்து பார்த்தார். வார்டின் அந்தக் கோடியிலிருந்து சிஸ்டர் ஒருத்தி எழுந்து வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். பெரியவர் அசையவில்லை. ஸ்டூலில் இருந்த அம்மா கட்டிலின் விளிம்பில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில், ஏறிக்கொண்டிருக்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு துணை தூங்கிப் பூனை சிஸ்டர் பார்த்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலீட்டுக்காரர் அவள் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், கேக்கல" என்றாள்.

அவர் தூங்குகிற அம்மாவைக் கண்ணால் காட்டி, முடியாது என்று தலையாட்டினார். பிறகு காகிதக் கட்டைப் பிரித்து, சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்ற முதல் நிபந்தனையைப் பேனாவால் அடித்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.