எண்ணெய் போட்ட சக்கரம்

அம்மாவின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். எண்பதுகளின் நடுவில் ஒரு லீவுக்கு, அங்கேயே வளர்ந்த தன் மகனை எனக்கென்று முடிவு கட்டி அனுப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. எனக்குப் பத்தொன்பது வயது. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதே குழப்பமாக இருந்ததால், "இந்தாங்க"வை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கொண்டு வந்த சாமானில் ஒரு நீளப் பலகையும் இருந்தது. அடியில் நாலு சக்கரம். ஏறி நின்றுகொண்டு ஓட்ட வேண்டுமாம். "மணைக்கு யாருடா சக்கரம் வெச்சது?" என்றாள் அம்மா. அதற்காக விட்டுவிடுவாளா? புது வண்டிக்குச் செய்வது போலச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் காட்டினாள்.

"நானும் ஓட்றேன்" என்றேன். ஏன் சொன்னேனோ! நம் ஊர் தட்டு மாதிரி. சரிவு வேண்டுமென்றால் கோரிமேட்டுக்குத்தான் போக வேண்டும். வெற்றிலை மாற்றாமல் எங்களைத் தனியாக அனுப்புவதா என்று அம்மாவும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாவாடைக்கு அடியில் அவருடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நான் நின்ற கோலத்தை, அங்கிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தங்கள் நோவை மறந்து பார்த்தார்கள்.

"வேகம் எடுத்தா நிக்கணுமில்ல? நிக்கறதுக்குச் சறுக்கணும்" என்றார் அவர்.

"சறுக்குனா விழுவாங்க. நிப்பாங்களா?"

"கைய ரோட்ல ஊனு. காலால பலகைய குறுக்க தள்ளு. சக்கரம் தேஞ்சு வேகம் செத்துடும். பயந்து காலை இறுக்குன, தூக்கிப் போட்டுடும்."

நிற்பதற்குச் சறுக்க வேண்டும், பயந்தால் விழ வேண்டும். என்ன கணக்கோ, ஒன்றும் புரியவில்லை. அவருடைய தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினேன். தள்ளினேன். பலகை குறுக்கே திரும்பி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. நானும் நின்றேன்! அவர் வாயைப் பிளந்தார். "எனக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பலகையைப் புரட்டிச் சக்கரத்தைத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"நாந்தான்" என்றாள் அம்மா. "தையல் மெஷினுக்கு ஊத்தற எண்ணெய்தான். சக்கரம்னா எண்ணெய் போட வேணாமா?"

சறுக்கியது நானில்லை, எண்ணெய்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவின் குடையைப் பிடுங்கி உடைத்திருப்பேன். அன்றைக்குச் சாயங்காலமே மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரங்களைத் துடைத்தார் அவர். மறுநாள் அதே சரிவு, அதே பலகை. சக்கரம் ரோட்டைக் கவ்விக்கொண்டு என்னைத் தூக்கி வீசியது. புதன்கிழமை நாலு தடவை விழுந்தேன். வியாழக்கிழமை எண்ணவில்லை.

முழங்கையில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தபோது, அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "நாளைக்கி... உனக்கு இஷ்டமான்னு யாராவது கேட்டாங்களா?"

"உங்கள கேட்டாங்களா?"

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "இல்ல. அப்பா டிக்கெட் வாங்கி கையில குடுத்தாரு. சரி, நான் கேக்கறேன். இஷ்டமா?"

முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். அழுகைதான் வந்தது. "தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். அப்படிச் சொன்னதும்தான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

குடைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு தெரியாததுங்கள வெச்சிக்கினு நாளைக்கி நான் யாருக்கு வெத்தல மாத்துவேன்?" அதைச் சொல்லி அவளும் அழுதாள். ஆனால் அன்றைக்கே வீடு வீடாகப் போய், வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊர் என்னென்னவோ பேசியது.

பலகையையும் கையுறையையும் என்னிடமே விட்டுவிட்டு அவர் ஊருக்குப் போனார். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோரிமேட்டுக்குப் போனேன். இப்போது காவலுக்கு அவசியமே இல்லை. ஆனாலும் அம்மா குடையோடு வந்தாள். எண்ணெய்க் குப்பியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் இரண்டு முழம் சறுக்கி நின்றேன். அடுத்த வாரம் மறுபடி விழுந்தேன்.

பொங்கல் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் எழுதுகிற மாதிரி கோணல் எழுத்தில் ஒரே வரி: "எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு?"

நாலு நாள் பதில் எழுதவில்லை. ஐந்தாம் நாள் பலகையோடு கோரிமேட்டுக்குப் போய்விட்டு வந்து, முழங்கைக் கட்டோடு உட்கார்ந்து எழுதினேன்:

"இன்னும் விழறேன். நீங்க வாங்க."