கடலோடு சேராத மீன்

காலை ஐந்தரைக்கு நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து காரை எடுத்தேன். பக்கத்தில் மாடிவீட்டு ஜெயம் அண்ணன், மடியில் ஒரு வாணலி. மட்டக்களப்புக்காரர். சுனாமிக்குப் பிறகு மீனை வாயில் வைக்காதவர். "எங்கட ஆக்கள் கடலுக்குள்ள போயிற்றாங்க தம்பி. பிறகு எப்பிடித் தின்ன?" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். ஆனால் ஆசை விடவில்லை. கடலோடு சேராத மீன் எங்காவது உண்டா என்று போன வாரம் கேட்டார். காட்டுக்குளத்தில் இருக்கிறது என்று நானும் யோசிக்காமல் அளந்துவிட்டேன்.

குளம் இருக்கும் செயிண்ட்-டொனா நூற்று முப்பது கிலோமீட்டர். வழியில் தெப்பானர் என்கிற ஒரு பெட்டிக்கடையில் மண்புழு டப்பா ஆறு டாலர். பிறகு மண்பாதை, அரைமணி நடை.

எட்டரைக்குக் குளம். பீவர்கள் மரங்களைக் கடித்து வீழ்த்தி, ஓடையை மறித்து அணை கட்டியதால் உண்டான குளம். நீரில் நின்றபடியே பட்டுப்போன மரங்கள், பனிமூட்டத்தில் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும். யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டோம். எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோமோ, கொசு கடித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு அண்ணனின் தூண்டில் துடித்தது. புரூக் டிரவுட். ஒரு சாண் நீளம், கரும்பச்சை முதுகு, நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள்.

"பொட்டு வெச்சிருக்கு" என்றார் மெதுவாக.

மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, கையடக்க அடுப்பில் பொரித்தோம். மீன் சிவந்துவரும் நேரம், அணையின் இடுக்கில் நீர் கசிந்து ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

"இது எங்க போகுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஏரிக்குண்ணே. அங்கேருந்து ஆறு. அப்புறம் செயிண்ட் லாரன்ஸ் நதி."

"அதுக்குப் பிறகு?"

"கடல்தான். நான் யோசிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அடுப்பை அணைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. எழுந்து போய், கசியும் நீரில் கையை வைத்தபடி குந்தியிருந்தார். பனி முழுவதும் விலகிவிட்டது. வாணலி ஆறிப்போன பிறகுதான் திரும்பி வந்தார்.

"போற தண்ணிதானே தம்பி. வாற தண்ணி இல்லயே."

முதல் துண்டை வெகுநேரம் மென்றார். சென்னையில் வாரம் மூன்று நாள் மீன் தின்று வளர்ந்தவன் நான். ஒரு வாய் மீனுக்கு இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

கிளம்பும்போது குப்பையைப் பையில் கட்டினேன். அவர் மட்டும் தன் தட்டிலிருந்த முள்ளைக் காகிதத்தில் பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்குண்ணே?"

"வீட்ட காட்டத்தான். நான் திண்டன் எண்டா மனிசி நம்பமாட்டா."