லாங் பஜாரில் ஒரு சர்பத்

எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு வேலூர் வந்திருக்கிறோம். பாட்டும் குளிர்ந்த பீருமாக ஒரு மாலை என்று ஆசை காட்டித்தான் சுதாவை அழைத்து வந்தேன். ஓட்டல் பாரின் விலைப்பட்டியலைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுகிறாள்.

லாங் பஜாரில் சர்பத் வண்டிக்காரரிடம் கேட்கிறேன்.

"விலை கம்மியா, பாட்டெல்லாம் இருக்கிற இடம் எதுண்ணா?"

"ஒயின்ஷாப் இருக்குது. அங்க இவங்கள எப்படிக் கூட்டினு போவீங்க? நன்னாரி சர்பத் குடிங்க சார்."

குடித்துக்கொண்டிருக்கும்போதே ஷூ கம்பெனி வேன் ஒன்று வந்து நிற்கிறது. இறங்கும் பெண்களில் ஒருத்திக்குப் பிறந்தநாள். சர்பத் வண்டியின் பலகைமேலேயே கேக் வெட்டுகிறார்கள். யாரோ கைப்பேசியில் குத்துப்பாட்டு போடுகிறார்கள்.

பிறந்தநாள்காரி சுதாவுக்கும் ஒரு துண்டு நீட்டுகிறாள். "இன்னாக்கா, தள்ளியே நிக்கிறீங்க? வாங்க."

"எங்களுக்கும் இன்னைக்குக் கல்யாண நாள்" என்கிறாள் சுதா.

அவ்வளவுதான். பாட்டின் சத்தம் கூடுகிறது. நாலு பேர் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சுதா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஆடத் தொடங்குகிறாள்.

இந்தப் பத்து வருடத்தில் அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை.