முடியும் என்றே சொல்லிப் பழகியவர்

என் வீட்டுக்காரருக்கு நட்டஈடு கிடைக்காமல் போகப் பார்த்ததற்குக் காரணம் தோட்டத்துத் துரையும் இல்லை, டொக்டரும் இல்லை. அவரேதான். இப்படி எழுதியது தெரிந்தால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட இருக்காது.

நாங்கள் இருப்பது லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் கொழுந்து எடுக்கிறவள். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற மெஷினில் நின்றவர். ஒருநாள் அந்த மெஷின் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைத் தைத்துக் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஒரு விரல்கூடப் போகவில்லை. லயமே, எங்கள் வரிசை வீடுகள் அத்தனையும் கூடி, "சாமி காப்பாத்திருச்சு" என்றது. நானும் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

காயம் ஆறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே நரம்பு அறுந்துபோயிருந்தது. வாளியின் பிடியை விரல்களில் மாட்டித் தூக்கிவிடுவார். கீழே கிடக்கிற தீக்குச்சியை எடுக்க வராது. பெருவிரல் மற்ற விரலைத் தொடவே மாட்டேன் என்றது. சூடு பட்டாலும் தெரியாது. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். சட்டைப் பொத்தானை மட்டும் நான்தான் போட்டுவிட வேண்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. லயத்தில் எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ஆனாலும் இந்தப் பொத்தான் சங்கதியை ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்தார் மனுசன். வெளியே போனால் அந்தக் கை காற்சட்டைப் பைக்குள் போய்விடும்.

நட்டஈட்டுக்கு முன்னால் ஒரு டொக்டர் பார்த்து, கையில் எவ்வளவு போய்விட்டது என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். அதற்காகப் பதுளைக்குப் போனோம். பெரிய மனிதர்கள் முன்னால் போய் நிற்கப்போகிறாரே என்று வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, தலையும் வாரிவிட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் கூட்டிப்போனேன்.

டொக்டர் தன்மையான மனிதர், சிங்களவர். பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி, "தூக்க முடியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இவர் "புளுவன் மாத்தயா" என்றார். முடியும் ஐயா என்று அர்த்தம். சொன்னதோடு விடவில்லை. விரல்களை நாற்காலி முதுகில் கொக்கி போட்டு, அந்தக் கையாலேயே தூக்கிக் காட்டினார். வேலை செய்ய? புளுவன். சட்டை போட? புளுவன். டொக்டர் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்த சட்டையை ஒருமுறை பார்த்தார், தலையாட்டினார், எழுதினார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, நம்ம என்ன சர்க்கஸ் காட்டவா வந்தோம்? நாற்காலியத் தூக்குறீங்க!"

"கேட்டாரு, தூக்குனேன்."

"பட்டன் போட முடியுமான்னும் கேட்டாரே! போட்டது யாரு?"

"மெதுவாப் பேசு புள்ள" என்று சுற்றிலும் பார்த்தார்.

கொஞ்ச நாளில் டீமேக்கர் ஐயா எங்கள் காம்பராவுக்கே வந்தார். ஸ்டோருக்குப் பெரியவர் அவர்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விபத்து நடந்த அன்று இவரை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரி வரை வந்து நின்றவர். கையில் பிஸ்கட் பக்கற்றும் ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார். "டொக்டரு வேலை செய்யலாம்னு எழுதிட்டாரு. இந்தத் தொகைய வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்தப் போட்டா விஷயம் முடிஞ்சிரும். பழைய மெஷினுக்கே வந்துரலாம்" என்றார். தொகை என்று அவர் சொன்னது ஒரு தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தால் தீர்ந்துவிடும். அது போகட்டும். பழைய மெஷினா? சூடு தெரியாத, பிடிப்பு இல்லாத கையோடு மறுபடியும் அங்கே போய் நிற்பதா? இவர் என்னவென்றால், பேனாவைப் பிடிக்க வராத கையைப் பேனாவுக்கு நீட்டுகிறார்!

"யோசிச்சுச் சொல்றோங்க ஐயா" என்று தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பதுளை பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே சட்டத்தரணி ஒருவர் இருக்கிறார், முஸ்லிம் பெண். கீழே உள்ள கடை அவருடைய வாப்பாவுடையது. அங்கே இவரை இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் பட்ட வேதனையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை தண்ணீர் கொடுத்து, அழுது முடியும்வரை பொறுத்திருந்தது.

"அக்கா, இந்தச் சட்டத்துல நீங்க அழுததுக்கு ஈடு இல்ல. வலிச்சதுக்கும் இல்ல. அந்தக் கையால இனி என்ன உழைக்க ஏலாது, அதுக்குத்தான் ஈடு. கையெழுத்துப் போட்டுட்டா பிறகு திரும்பக் கேக்குறது கஷ்டம். அதனால சொல்லுங்க. காலையில எழும்புனா அந்தக் கை என்னத்தச் செய்யாது?"

நான் இவரைப் பார்த்தேன். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். சொல்லிவிட்டேன். தீக்குச்சி, இடுப்புச் சாரத்தின் முடிச்சு, சோறு, கடைசியில் சட்டைப் பொத்தான். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஏண்ணே டொக்டர்கிட்ட முடியும்னு சொன்னீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "முடியாதுன்னு எழுதிட்டா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கம்மா. காம்பராவையும் கேப்பாங்க. இதுகளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது?" என்றார்.

அதுவரை நான் அதை வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். வாய்க்கு வந்தபடி ஏசியும் இருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் புரிந்தது. தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. காய்ச்சலோடு போய் நின்றாலும் "முடியுமா?" என்று கேட்டால் "முடியும்ங்க" என்றுதான் சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னவனுக்குப் பெயர் விழாது. பத்தொன்பது வயதில் மலையில் வேலைக்கு இறங்கியவர் இவர். நான் மட்டும் என்ன? நிறைமாதத்தில் கொழுந்துக் கூடையோடு நின்று அதே வார்த்தையைச் சொன்னவள்தானே. வாழ்நாளெல்லாம் முடியும் என்று சொன்னால்தான் சோறு. நட்டஈட்டுக்கு மட்டும் முடியாது என்று சொல்ல வேண்டுமாம். எந்த வாய் சட்டென்று திரும்பும்?

"நிப்பாட்ட வந்தா நான் பேசுறேன், நீங்க பயப்படாதீங்க" என்றார் சட்டத்தரணி. மறுபடியும் டொக்டர் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார். எனக்குத் தனியாக ஒன்று சொன்னார்: "அன்னைக்கு அண்ணனே உடுத்திக்கிட்டு வரட்டும். நீங்க கை வைக்காதீங்க."

கை வைக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அந்தக் காலையில் கண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அவர் தனியாக மல்லுக்கட்டினார். நான் வெளியே அடுப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஸ்வெட்டரை மேலே மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ் பசறையைத் தாண்டி வெயில் ஏறிய பிறகும் அதைக் கழற்றவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே டொக்டர்தான். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். உள்ளே சட்டை மேலிருந்து கீழ்வரை திறந்து கிடந்தது. பட்டப்பகலில் இவரை இப்படி வேறு ஆள் முன்னால் நான் பார்த்ததே இல்லை. டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, சிங்களத்தில், "வலது கையால் பொத்தானைப் போடுங்கள், அவசரமில்லை" என்றார்.

இவர் போட்டார். அதாவது போடப் பார்த்தார். பொத்தான் விரலுக்குள் வரும், நழுவும். குனிந்து தாடையால் சட்டையை அழுத்திக்கொண்டு பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. என் கை தானாக எழும்பியது. கைப்பையின் வாரைச் சுற்றி இறுக்கிக்கொண்டேன். இப்போதும் புளுவன் என்றே சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. டொக்டர் எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தார்.

இவர் டொக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "முடியல புள்ள" என்றார்.

அந்த வார்த்தைக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். வந்த பிறகு, வராமலே இருந்திருக்கலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. டொக்டருக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, எதையும் திருப்பிக் கேட்காமல் பேனாவை எடுத்து எழுதினார். இந்த முறை நிறைய எழுதினார்.

அதற்குப் பிறகு பேசி முடித்தார்கள். நியாயமான தொகை கிடைத்தது. மெஷினுக்குப் போகாமல் ஸ்டோர் வாசலில் காவல் வேலையும், காம்பராவும் தங்கின. கையெழுத்தை இடது கையால் கோழிக் கிறுக்கலாகப் போட்டார். டீமேக்கர் ஐயாவுக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் நட்டஈடு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதெல்லாம் இல்லை, அன்று டொக்டரின் அறையை விட்டு வெளியே வந்து நின்ற வராந்தாதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்ல கூட்டம். எங்கள் லயத்துப் பொம்பிளை ஒருத்தி பிள்ளைக்கு மருந்து எடுக்க வந்து எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்வெட்டரை நீட்டினேன், மறைத்துக்கொள்ளட்டும் என்று. அவர் அதை வாங்கவில்லை. நடு வராந்தாவில் நின்று தாடையைத் தூக்கி, "போட்டுவிடு" என்றார்.

"பாக்குறாங்கங்க."

"பாக்கட்டும். அதான் எழுதியாச்சுல்ல."

போட்டேன். கழுத்துப் பொத்தான் எனக்கும் துளைக்குள் போகாமல் நழுவி நழுவி விழுந்தது. கண்ணீர் கண்ணை மறைத்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"டொக்டரு உள்ளதான் இருக்காரு. உனக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லவா?"