‘நடக்காது’ என்றவர் கிளாஸ் கழுவ வேண்டும்

எங்கள் பட்டறையில் அதிகமாக டீ கிளாஸ் கழுவியது யார் என்று கேட்டால் எல்லாரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். இத்தனைக்கும் முதலாளியம்மா நான்தான். மும்பை தாராவியில் பை தைக்கிற பட்டறை. துணி வெட்டுவது என் வீட்டுக்காரர் லாசர், வாய் மட்டும் என்னுடையது. என்னைக் கழுவ வைத்தவள் அவருடைய தங்கை ரீனா. அவளுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் சொல்லி மாளாது.

ரீனா ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ரயிலில் நசுங்கி வந்து இறங்கினால் நேராகப் பட்டறைக்குத்தான் வருவாள். வந்தவள் சும்மா இருக்க மாட்டாள்.

“மைனி, பையில குடை வைக்க ஒரு உறை வச்சா என்ன?”

“மழைத்தண்ணி சொட்டி சோத்து டப்பாக்குள்ள போவும். ஏட்டி, நடக்காது.”

அடுத்த நாள் வேறொன்று. பையை விரித்தால் ஸ்டூல் ஆக வேண்டுமாம்! ரயிலில் நிற்கவே இடமில்லை, இவள் உட்காரப் போகிறாளாம். நான் எவ்வளவு திட்டினாலும் அவளுக்கு உறைக்காது. “நல்ல யோசனை தனியா வராது மைனி. பத்துக் கோட்டித்தனத்தோட சேந்துதான் வரும்” என்பாள்.

அப்போது பட்டறை ஓடிக்கொண்டிருந்தது மன்சூர் அலி பாயின் ஆர்டர் ஒன்றை நம்பித்தான். அவர் ஒரு நாள் வந்து, “அக்கா, இதே மால், இதே பை எல்லா கல்லி சந்துலயும் கிடைக்கி. அடுத்த வாரத்துக்குள்ள புதுசா ஒண்ணு காட்டுங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் விட்டுப் போனால் மிஷின்களை விற்க வேண்டியதுதான்.

அன்றைக்கு ரீனா ஒரு சட்டம் போட்டாள். டீ குடிக்கும்போது ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும், எவ்வளவு மட்டமானாலும் சரி. “நடக்காது” என்கிறவர் எல்லார் கிளாஸையும் கழுவ வேண்டும். முதல் நாள் நான் கழுவினேன். மறுநாளும் நான்தான். லாசருக்கு ஒரே சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கிளாஸ் உடைந்தே போனது.

அப்புறம் ஒரு சாயங்காலம் எங்கள் தையல்காரர் இசக்கியின் முறை. பாவம், சொல்ல ஒன்றும் இல்லாமல் தலையைச் சொறிந்தார். “யக்கா, ஜிப்பை முதுகு படுற பக்கம் வச்சிருவமா?” என்றார்.

முதுகோடு ஒட்டிக் கிடக்கிற ஜிப்பை எவன் திறப்பான்? அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிப் போயிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இடைவெளியில் ரீனா எழுந்துவிட்டாள். தன் பையை எடுத்து நெஞ்சுப் பக்கமாக மாட்டினாள்.

“மைனி, ரயில்ல எவ முதுகுல மாட்டுதா? கூட்டத்துல எல்லாரும் இப்படி முன்னாலதானே மாட்டுதோம். ஜிப்பு வெளிய பாத்துக்கிட்டு நிக்கி, எவன் கையும் உள்ள போவும். இசக்கியண்ணன் சொன்ன மாதிரி வச்சா ஜிப்பு நம்ம நெஞ்சோட இருக்கும்லா! ஓரத்துல கைய விட்டா நமக்கு மட்டும் எட்டும்.”

மறுநாளே லாசர் வெட்டினார், இசக்கி தைத்தார்.

மன்சூர் அலி பாய் வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “க்யா அக்கா, ஜிப்பு உல்டாவா இருக்கு. இது நடக்காது.”

இசக்கியின் முகம் செத்துவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, காலி கிளாஸ்கள் இருந்த தட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

“பாய், எங்க பட்டறையில இந்த வார்த்தையச் சொன்னா கிளாஸ் கழுவணும். அதுக்கு முன்னால இதை நெஞ்சுல மாட்டிப் பாருங்க.”

மாட்டினார். லாசரும் இசக்கியும் ரயில் கூட்டம் மாதிரி இரண்டு பக்கமும் அவரை நெருக்கினார்கள். பாய் போனை உள்ளே போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். பிறகு பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

“குழாய் எங்க இருக்கு?” என்றார்.

அந்தப் பையால்தான் இன்றும் எங்கள் மிஷின்கள் ஓடுகின்றன. ரீனா, நீ நல்லா இருக்கணும் தாயி. என் வாயைக் கட்டி எங்கள் எல்லார் பிழைப்பையும் காப்பாற்றியவள் நீ.

நேற்று வந்து, பைக்கு ஒரு விசில் வைத்துத் தைக்கலாம் என்றாள். ‘நடக்காது’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போய்விட்டேன்.