பத்தொன்பதாவது கிலோமீட்டர் புளியமரம்

திண்டுக்கல் ரயில் நிலையம், மீட்டர் கேஜ் நடைமேடை. சனிக்கிழமை காலை 9.10. பழனி பாசஞ்சர் புறப்படத் தயாராக நின்றது. நடைமேடையில் ஒரு பயணிகூட இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, கார்டு இல்லை, கொடி காட்ட ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிகள் ஐந்து. டீசல் எஞ்சினில் நான்.

அந்த மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போட்டு வருடக்கணக்கில் ஆகிறது. ஆகவே இந்தப் பயணத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் ரயில் நிலையத்துக்குப் போகக் கூடாது. நாகல் நகரில் என் வீட்டு மாடிக்கு வர வேண்டும். என் மகன் பள்ளிக்கூட நாளில் ஆடிய ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று, இரண்டு சிடிகளில், அவனுடைய பழைய கம்ப்யூட்டரோடு அங்கே கிடந்தது. உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் அதற்குத் தங்கள் ஊர் ரயில் பாதைகளைச் சம்பளமில்லாமல் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். திண்டுக்கல்–பழனி பாதையைச் செய்தவர் பெயர் மகேஸ்வரி, ஊர் வேடசந்தூர் என்று போட்டிருந்தது. தூரம் 58 கிலோமீட்டர். கட்டணம் இல்லை. ஆனால் பதினான்கு துண்டுகளாக இறக்க வேண்டும். ஒன்பதாவது துண்டு மூன்று முறை பாதியில் நின்றது. கூடவே வந்த குறிப்பில் ஆறாவது படிக்குப் பிறகு எட்டாவது படி இருந்தது. ஏழாவது படி என்னவாக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். ஒரு படியைத் தாண்டிப் போக எனக்கு வராது.

9.14. புறப்படும் சிக்னலின் கை இறங்கியது. நான் வண்டியை எடுக்கவில்லை. கார்டின் விசில் இல்லாமல் எடுப்பது விதிமீறல். நான்கு நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் பக்கத்து நாற்காலியிலிருந்த ரஹமத்துல்லா பாய் வாயாலேயே விசில் அடித்தார்.

பாய் இதே பாதையில் பத்தொன்பது வருடம் நிஜ வண்டி ஓட்டியவர். பேகம்பூரிலிருந்து வாரம் இரண்டு முறை என்னிடம் சண்டை போட வருவார். விசைப்பலகையைத் தொட மாட்டேன் என்றார்.

"நீங்களே ஓட்டுங்க மாஸ்டரே. அந்தக் காலத்துலயும் நாற்காலியில உக்காந்துக்கிட்டே எங்கள ஓட்டுனவருதான நீங்க."

9.31. வழி நெடுக எரிச்சல். தென்னை மரங்கள் எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மலைக்கோட்டை, தள்ளி வைத்த இட்லி போல இருந்தது. கேட் திறந்தபடியே கிடக்க, மாட்டு வண்டி ஒன்று எஞ்சினுக்குள் புகுந்து மறுபக்கம் பத்திரமாக வெளியே போனது. பன்னிரண்டாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பிறகு பதினொன்றாவது கல் வந்தது. தவறுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். நாற்பத்திரண்டு ஆயிற்று.

9.52. பத்தொன்பதாவது கிலோமீட்டர். இங்கே ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். நான் நான்கு வருடம் மாஸ்டராக இருந்த இடம். பெயர் வேண்டாம். அதற்கு முன்னால் பாதை இடப்பக்கம் வளைகிறது. வளைவின் முடிவில் ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதிக்கும் சிக்னல். கை இறங்கியிருந்தால் போகலாம், நிமிர்ந்திருந்தால் நிற்க வேண்டும். எனக்குக் கையே தெரியவில்லை. வளைவின் உள்பக்கம் பெரிய புளியமரம் ஒன்று அதை முழுசாக மறைத்திருந்தது. சிக்னல் தெரியாவிட்டால் நிமிர்ந்திருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. நிறுத்தினேன். விசில் கொடுத்தேன். மூன்று நிமிடம் கழித்து அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போய்ப் பார்த்தால், கை முதலிலிருந்தே இறங்கித்தான் இருந்திருக்கிறது. அநாவசியமாக நின்றதற்குத் திரையில் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

பாய் கைகொட்டிச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எத்தன நிமிசம் நின்னீங்க?"

"மூணு."

"நான் பதினொண்ணு."

விஷயம் இதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே வளைவில் பாய் தன் வண்டியைப் பதினோரு நிமிடம் நிறுத்தினார். நான் சிக்னல் கையை இறக்கித்தான் வைத்திருந்தேன். விசாரணை வந்தது. பாய் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: சிக்னல் எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்: சிக்னல் போதிய தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும், பதிவேடு அதற்குச் சாட்சி, டிரைவரின் கவனக்குறைவே காரணம். பாய்க்குக் கண்டனக் கடிதம் போயிற்று.

அலுவலகத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பாய் வீட்டில் மறக்கவில்லை. அவர் மனைவி ஜமீலா அந்தக் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து, வீட்டில் அவர் எதைத் தேடினாலும் ஒரே பதில்: "கண்ணு முன்னால நிக்கிற சிக்னலே தெரியல, சீரக டப்பாவா தெரியப்போகுது?" பாய் இதை என்னிடம் சொல்லாத வாரம் கிடையாது. மரம் மறைத்தது என்று எழுதிக் கொடுங்கள் என்பார். மரமே கிடையாது என்பேன்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தப் பொண்ணு இஷ்டத்துக்கு மரம் நட்டிருக்கு. நாற்பத்து மூணாவது தப்பு."

"அப்ப நேர்ல போயே கேட்ருவோம்."

பாதையோடு வந்த குறிப்பின் கடைசியில் மகேஸ்வரியின் போன் நம்பர் இருந்தது. பேசினோம். "நாளைக்கு எனக்கு மில்லு லீவு. வாங்க சார்" என்றது மறுமுனை.

ஞாயிற்றுக்கிழமை காலை 8.40. திண்டுக்கல் பஸ் நிலையம். வேடசந்தூர் பஸ், தனியார் வண்டி. டிக்கெட் இருபது ரூபாய். எட்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எட்டு ஐம்பத்தைந்துக்கும் உறுமிக்கொண்டே நின்றது. கண்டக்டரிடம் கடிகாரத்தைக் காட்டினேன்.

"ஏறி உக்காந்துட்டீங்கள்ல அப்பு? இனி வண்டி உங்கள விட்டுட்டா போகப் போகுது?" என்றார்.

இதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் பதில் இல்லை. பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

9.50. வேடசந்தூர். மகேஸ்வரிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நூல் மில்லில் ஷிப்ட் மேற்பார்வையாளர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய அம்மா, "மொதல்ல சாப்பிடுங்க, சோறும் வெஞ்சனமும் சூடா இருக்கு" என்றார். காலை பத்து மணிக்குச் சோறு வேண்டாம் என்று டீயோடு நிறுத்தினோம். நான் தாளை நீட்டினேன்.

"நாப்பத்தி மூணா!" என்றார் மகேஸ்வரி. "ஜெர்மனிக்காரர் ஒருத்தர் ஓட்டிட்டு ரெண்டு தப்புதான் சார் சொன்னாரு."

"அவருக்கு திண்டுக்கல் தெரியாது."

மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். "எல்லாம் சரிதான் சார். தென்ன மரம், கல்லு, கேட்டு எல்லாம் குத்துமதிப்புதான். நாப்பத்தி மூணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். அந்தப் புளியமரம் ஒண்ணத்தான் நான் உள்ளது உள்ளபடி வச்சேன்."

"எதைப் பார்த்து?"

"எங்க சித்தி கல்யாண வீடியோவப் பாத்து."

சித்தியின் கல்யாணம் பழனியில் நடந்தது. பெண் வீட்டார் மொத்தமும் திண்டுக்கல்லிலிருந்து பாசஞ்சரில் போயிருக்கிறார்கள். வீடியோக்காரர் வழியெல்லாம் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்திருக்கிறார். மகேஸ்வரி அந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஓட விட்டார். புளியோதரைப் பொட்டலங்கள். தூங்கும் மாமாக்கள். மூக்கொழுகும் ஒரு குழந்தை. "அது நாந்தான்" என்றார். பிறகு, இதய வடிவச் சட்டத்துக்குள், இரண்டு பக்கமும் மயில்கள் ஆட, என் வளைவு வந்தது. இடப்பக்கம் வளையும் பாதை, முன்னால் எஞ்சின், அதற்கும் முன்னால் புளியமரம். மரம் மட்டும்தான். எஞ்சின் அதை ஏறத்தாழத் தொட்ட பிறகு, இலைகளுக்குப் பின்னாலிருந்து சிக்னலின் கை எட்டிப் பார்த்தது.

அங்கே படத்தை நிறுத்தச் சொன்னேன். மூலையில் தேதி இருந்தது. பாய் வண்டி நின்ற நாளுக்குப் பிறகு பத்தொன்பதாம் நாள்.

பத்தொன்பது நாளில் புளியமரம் அந்த அளவு வளராது. இதைச் சொல்ல விசாரணை தேவையில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் மாதம் ஒரு முறை தண்டவாளத்தோடு நடந்து போய், சிக்னல் தூரத்திலிருந்து தெரிகிறதா, கிளை ஏதும் மறைக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மறைத்தால் வெட்டச் சொல்ல வேண்டும். போக வர ஒன்றரை கிலோமீட்டர், நல்ல வெயில். நான் போன மாதப் பதிவைப் பார்த்து இந்த மாதப் பதிவை எழுதினேன். போன மாதத்தையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். வண்டி நின்ற பிறகாவது போய் மரத்தைப் பார்த்தேனா என்றால், இல்லை. பதிவேட்டைத்தான் பார்த்தேன். அதில் தெளிவாகத் தெரியும் என்று இருந்தது, என் கையெழுத்தில்.

பாய் மகேஸ்வரியைப் பார்த்து, "தாயி, அந்த மயிலு நல்லாருக்கு. இன்னொரு வாட்டி போடு" என்றார்.

11.20. திரும்பும் பஸ். இந்த முறை நேரத்துக்குக் கிளம்பியது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணியது. "குறிப்பிட்ட நாளில் சிக்னல் மரத்தால் மறைக்கப்பட்டிருந்தது. டிரைவர் ரஹமத்துல்லா வண்டியை நிறுத்தியது விதிப்படி சரி. நேரில் பார்க்காமல் பதிவேடு எழுதியவன் நான்." தேதி, நேரம், கையெழுத்து, ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு). நீட்டினேன். பாய் இரண்டு முறை வாசித்தார். மடித்து உள் பையில் வைத்தார். காந்திகிராமத்தில் படிக்கும் பெண்ணைப் பற்றி யாரோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். திண்டுக்கல் வரும்வரை நாங்கள் இருவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை காலை 9.10. மறுபடியும் அதே நடைமேடை. மகேஸ்வரி நாற்பத்திரண்டில் நான்கைத் திருத்தி இரவே அனுப்பியிருந்தார். கார்டின் விசில் வந்துவிட்டது. நாய் இப்போது தரைக்குள் அரை அடி இறங்கி நின்றது.

கிளம்பப் போகும்போது மாடிப்படியில் காலடி. பாய் மட்டும் அல்ல. பின்னால் மூச்சு வாங்கியபடி ஜமீலா.

"உங்க தாளு செல்லாதாம்" என்றார் பாய். "முத்திர எங்கன்னு கேக்குறா. நேர்லயே கூட்டிட்டு வந்துட்டேன்."

"ரிட்டையர் ஆனவங்க எழுதுனத எப்படி மாஸ்டர் நம்புறது?" என்றார் ஜமீலா. நியாயமான கேள்வி. நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

வண்டியை எடுத்தேன். சாய்ந்த தென்னைகள், இட்லி மலைக்கோட்டை, எஞ்சினுக்குள் புகுந்து போகும் மாட்டு வண்டி. அதற்கு மட்டும் ஜமீலா "யா அல்லா" என்றார். பாய் நின்றுகொண்டே வந்தார்; உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

9.48. வளைவு. நிறுத்தினேன்.

"ஏன் மாஸ்டர் நிப்பாட்டிட்டீங்க?"

"சிக்னல் எனக்குத் தெரியலம்மா."

ஜமீலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"எப்படித் தெரியும்? அதான் மரம் மறைக்குதே" என்றார். சொல்லிவிட்டு, மெதுவாகத் திரும்பிக் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "இத மொதல்லயே வீட்டுல வந்து சொல்றதுக்கு என்ன?"

பாய் என்னைப் பார்த்தார். நான் விசில் கொடுத்தேன்.

பழனிக்கு இன்னும் முப்பத்தொன்பது கிலோமீட்டர் இருந்தது.